கண்ணாடி விரியனும் ஒரு கண்ணாடிக் குழாயும்

பாம்பு கடித்த ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வருகிறார்கள். இரவு நேரம். வரப்பில் கால் வைத்தபோது ஏதோ கொத்தியது, அவ்வளவுதான் தெரியும். என்ன பாம்பு என்று யாரும் பார்க்கவில்லை. இந்த நிலையில் டாக்டர் எதை வைத்து முடிவெடுப்பார்? ஸ்கேன்? பெரிய மெஷின்? இரண்டும் இல்லை. கடிபட்டவரின் உடம்பில் தெரியும் அறிகுறிகளைப் பார்ப்பார். அதோடு ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயையும் ஒரு கடிகாரத்தையும் எடுத்துக்கொள்வார்.

கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து அந்தக் குழாயில் விடுகிறார்கள். 20 நிமிடம் அசைக்காமல் வைக்கிறார்கள். பிறகு மெதுவாக ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்கிறார்கள். ரத்தம் கெட்டியாக உறைந்திருந்தால் இப்போதைக்கு நிம்மதி. உறையாமல் தண்ணீர் மாதிரி ஓடினால் விரியனின் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று அர்த்தம். உடனே விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும்.

பார்க்க இவ்வளவு சுலபமாக இருக்கும் இந்த டெஸ்ட்டுக்குப் பின்னால் 200 வருடத்துக்கும் மேற்பட்ட ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதையின் ஒரு முக்கியமான கட்டம் நம்ம தாம்பரம் பக்கத்தில்தான் நடந்தது. ரத்த உறைவு டெஸ்ட்டில் சரியான விடை கிடைப்பதும் கிடைக்காததும் மெஷினுக்குப் போவதற்கு முன்பே, ரத்தம் எடுக்கும் கையிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. இந்தக் கதை முழுக்க திரும்பத் திரும்ப வரும் பாடம் அதுதான்.

ரஸ்ஸல் துரையின் பாம்பு

கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் ரஸ்ஸல்ஸ் வைப்பர் என்று பெயர். யார் அந்த ரஸ்ஸல்? பேட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து டாக்டர். 1781ல் தம்பியுடன் விசாகப்பட்டினம் வந்தார். 1785ல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைக் கர்நாடகப் பகுதிக்கான இயற்கை ஆய்வாளராக நியமித்தது. அந்தக் காலத்தில் கர்நாடகம் என்றால் மதராஸைச் சுற்றியிருந்த கிழக்குக் கடற்கரைச் சீமை. செடிகொடிகளை ஆராய்வதுதான் வேலை என்றாலும், அவர் மனம் பாம்புகள் பக்கம் போனது.

அன்றைக்குப் பாம்பு என்றாலே எல்லாருக்கும் பயம். எது விஷமுள்ளது, எது இல்லாதது என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லை. ரஸ்ஸல் சோழமண்டலக் கரையில் கிடைத்த பாம்புகளைச் சேகரித்து, படம் வரையச் செய்து, ஊர்க்காரர்கள் சொன்ன பெயர்களையும் கூடவே குறித்துக்கொண்டார். 1789ல் ஊர் திரும்பியவர் 1796ல் அதைப் பெரிய புத்தகமாக வெளியிட்டார். உடம்பு முழுக்கச் சங்கிலி கோத்த மாதிரி நீள்வட்டப் புள்ளிகள் உள்ள ஒரு விரியனும் அதில் இருந்தது. நல்ல பாம்புக்கு அடுத்தபடியாக ஆபத்தானது என்று அவர் கருதிய பாம்பு அது. 1797ல் ஜார்ஜ் ஷா என்பவர் அதற்கு ரஸ்ஸலின் பெயரையே அறிவியல் பெயராக வைத்தார்.

நம் ஊரில் அதன் பெயர் கண்ணாடி விரியன். பெயரிலேயே கண்ணாடி. அதன் விஷத்தைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட்டும் கண்ணாடியை நம்பித்தான் இருக்கிறது. தற்செயல்தான், ஆனால் மறக்க முடியாத தற்செயல்!

தயிரும் ரத்தமும்

ரத்தம் உறைவது என்றால் என்ன? தயிர் உறைவதை நினைத்துக்கொண்டால் போதும். பாலில் உறை மோர் விட்டு வைத்தால் கொஞ்ச நேரத்தில் கெட்டியாகிறது. உறைந்துவிட்டதா என்று பார்க்க அம்மா பாத்திரத்தை லேசாகச் சாய்த்துப் பார்ப்பார். நடுவில் யாராவது ஆட்டிவிட்டால் தயிர் கெட்டது.

ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்று ஒரு புரதம் கரைந்திருக்கிறது. காயம் பட்டதும் உறைவுக் காரணிகள் என்று சொல்லப்படும் வேறு பல புரதங்கள் ஒன்றையொன்று தட்டி எழுப்பி, கடைசியில் ஃபைப்ரினோஜனை நூல் நூலாக மாற்றுகின்றன. அந்த நூல் வலையில் ரத்த அணுக்கள் சிக்கிக்கொண்டு கட்டியாகிறது. காயம் அடைபடுகிறது.

1913ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ரோஜர் லீ, பால் டட்லி ஒயிட் என்ற இரண்டு டாக்டர்கள் இதை நேரம் வைத்து அளக்க ஒரு முறையை வெளியிட்டார்கள். 1 மில்லி ரத்தத்தை ஒரு சிறிய கண்ணாடிக் குழாயில் விட்டு, அடிக்கடி சாய்த்துப் பார்த்து, எப்போது ஓடாமல் நிற்கிறதோ அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதாவது அம்மாவின் தயிர் டெஸ்ட்! இதில் ஒயிட் பிற்பாடு உலகப் புகழ்பெற்ற இதய நிபுணராகி, 1955ல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது சிகிச்சை அளித்தவர்.

லீயும் ஒயிட்டும் குழாயின் குறுக்களவைக்கூட விடாமல் எழுதி வைத்தார்கள். காரணம் உண்டு. குழாய் மாறினால் நேரமும் மாறும். இது அவர்களுக்கு முன்பே தெரிந்த விஷயம். 1863லேயே ஜோசப் லிஸ்டர், ரத்தம் படுகிற வெளிப்பொருள்தான் உறைவைத் தூண்டுகிறது என்று லண்டனில் ஒரு சொற்பொழிவில் விளக்கியிருந்தார். 1886ல் வியன்னாவைச் சேர்ந்த ஃப்ராயிண்ட், பாத்திரத்தின் உட்புறம் எண்ணெய்ப் பசை தடவிவிட்டால் ரத்தம் உறையத் தாமதமாகிறது என்று காட்டினார்.

விஷமே மருந்தான கதை

இனி லண்டன். 1930களில் செயின்ட் பார்த்தலோமியூ ஆஸ்பத்திரியில் ராபர்ட் க்வின் மேக்ஃபர்லேன் என்ற இளம் டாக்டர் ஹீமோஃபிலியா நோயாளிகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். இந்த நோய் உள்ளவர்களுக்கு ரத்தம் சுலபத்தில் உறையாது. ஒரு பல்லைப் பிடுங்கினால்கூட நாள் கணக்கில் ரத்தம் கசியும். சரியான மருந்து அப்போது கிடையாது.

லண்டன் மிருகக்காட்சிசாலையில் ஊர்வனப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்த பர்ஜஸ் பார்னெட்டுடன் சேர்ந்து அவர் பல பாம்புகளின் விஷத்தை ரத்தத்தில் கலந்து பார்த்தார். பெரும் வெற்றி தந்தது எது தெரியுமா? நம் கண்ணாடி விரியனின் விஷம். ஆயிரக்கணக்கான மடங்கு நீர்த்த பிறகும் அது ஹீமோஃபிலியா ரத்தத்தைச் சில விநாடிகளில் உறையவைத்தது. 1934ல் இருவரும் இதை லான்செட் இதழில் எழுதினார்கள். பல் பிடுங்கிய இடத்தில் அந்தக் கரைசலைத் தடவி ரத்தத்தை நிறுத்தினார்கள். பிறகு ஸ்டிப்வென் என்ற பெயரில் அது கடைக்கும் வந்தது.

இங்கே ஒரு சந்தேகம் வரும். கண்ணாடி விரியன் கடித்தவருக்கு ரத்தம் உறையாது என்று முதலில் சொன்னோம். இப்போது அதன் விஷம் ரத்தத்தை உறையவைக்கிறது என்றால் எப்படி?

இரண்டும் உண்மை. விஷத்தில் உள்ள நொதிகள் 5ஆம், 10ஆம் உறைவுக் காரணிகளை நேரடியாகக் கிளப்பிவிடுகின்றன. குழாயில் இருக்கும் ரத்தம் உடனே உறைந்துவிடும். உடம்பில் ஓடும் ரத்தத்திலோ காயமே இல்லாத இடத்தில் எல்லாம் உறைவு வேலை ஆரம்பித்து, இருக்கிற ஃபைப்ரினோஜன் எல்லாம் வீணாகச் செலவாகிவிடுகிறது. கல்யாணத்துக்கு வாங்கிய அரிசியை முதல் நாளே வடித்துக் கொட்டிவிட்ட மாதிரி. பந்தி நேரத்தில் சட்டி காலி! அதன் பிறகு ஈறு, சிறுநீர், ஊசி குத்திய இடம் என்று எங்கிருந்து கசிந்தாலும் அடைக்க ஆள் இருக்காது.

இதே மேக்ஃபர்லேன்தான் 1964ல், உறைவுக் காரணிகள் ஒன்றை ஒன்று தூண்டிவிடும் சங்கிலித் தொடரை முதன்முதலில் முழுமையாக விளக்கினார். அதே ஆண்டில் அமெரிக்காவில் ஏர்ல் டேவி, ஆஸ்கர் ராட்னாஃப் என்ற இருவரும் அதே கருத்தைத் தனியாக வெளியிட்டார்கள்.

ஹேக்மன் என்ற ரயில்வே தொழிலாளி

ராட்னாஃப் பெயர் வந்ததால் அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் க்ளீவ்லாந்து நகரில் ஜான் ஹேக்மன் என்ற ரயில்வே தொழிலாளி ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரிக்கு வந்தார். வழக்கம்போல ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் வைத்தார்கள். மிக நீண்ட நேரம் ஆகியும் உறையவில்லை. ஆனால் மனிதருக்கு வாழ்நாளில் ரத்தப்போக்குப் பிரச்னையே வந்ததில்லை!

ஆராய்ந்தபோது, கண்ணாடி பட்டதும் விழித்துக்கொண்டு உறைவைத் தொடங்கிவைக்கும் ஒரு புரதம் அவர் ரத்தத்தில் இல்லை என்று தெரிந்தது. 1955ல் ராட்னாஃபும் ஜோன் கொலோப்பியும் இதை வெளியிட்டார்கள். அந்தப் புரதத்துக்கு ஹேக்மன் காரணி என்று பெயர். இன்றைய எண்ணிக்கையில் 12ஆம் காரணி. 1968ல் ஹேக்மன் இறந்தார். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தபோது ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டதுதான் காரணம். குழாயில் உறைய மறுத்த ரத்தம் உடம்புக்குள் உறைந்து ஆளைக் கொன்றது.

இதிலிருந்து டாக்டர்கள் கற்றது என்ன? குழாயில் நடப்பது வேறு, உடம்பில் நடப்பது வேறு. குழாயில் உறைவைத் தொடங்கிவைப்பது கண்ணாடியின் சுவர். அந்தச் சுவரை மாற்றினால் விடையும் மாறும்.

நைஜீரியாவில் இருந்து வந்த 20 நிமிடம்

1970களில் டேவிட் வாரல் என்ற ஆங்கிலேய டாக்டர் நைஜீரியாவில் வேலை பார்த்தார். அங்கே வயலில் வேலை செய்யும் ஏழை விவசாயிகளைச் சுருட்டை விரியன் இனப் பாம்புகள் கடித்துக் கொன்றுகொண்டிருந்தன. அதன் விஷமும் ரத்தத்தை உறையவிடாமல் செய்வதுதான். லேப் இல்லை, கரண்ட் நிலையில்லை. அங்கே யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய ஒரு டெஸ்ட் தேவைப்பட்டது.

லீயும் ஒயிட்டும் போல நிமிடத்துக்கு நிமிடம் சாய்த்துப் பார்க்க வேண்டாம். ஒரே ஒரு கேள்வி போதும்: 20 நிமிடத்தில் உறைந்ததா, இல்லையா? வாரல் குழுவினரின் 1977ஆம் ஆண்டு ஆய்வோடு இந்த முறை பெயர் பெற்றது. மெல்ல உலகெங்கும் பரவியது. இந்தியாவில் 2007ல் வந்த தேசியப் பாம்புக்கடி சிகிச்சை நெறிமுறை இதை முக்கியமான படுக்கையோர டெஸ்ட்டாக வைத்தது. முதல் 3 மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு மணிக்கு ஒருமுறை செய்ய வேண்டும். உறையவில்லை என்று தெரிந்து மருந்து ஏற்றிவிட்டால், அடுத்து 6 மணி நேரம் கழித்துத்தான் மீண்டும் பார்க்க வேண்டும். ஏனென்றால் விஷம் முறிந்த பிறகும், கல்லீரல் புதிதாக ஃபைப்ரினோஜன் தயாரிக்க அவ்வளவு நேரம் பிடிக்கும்.

சேலையூரிலிருந்து வடநெம்மேலி வரை

டெஸ்ட் விஷத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது. மருந்து? விஷமுறிவு மருந்து செய்ய முதலில் விஷம் வேண்டும். மிகச் சிறிய அளவு விஷத்தைக் குதிரைக்குப் படிப்படியாகச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்துத்தான் மருந்து தயாரிக்கிறார்கள். அந்த விஷத்தைப் பிடித்துத் தருவது யார்?

இப்போது கதை தாம்பரத்துக்கு வருகிறது. 1969ல் ரோமுலஸ் விட்டேகர் என்ற இளைஞர் தாம்பரத்தை ஒட்டியுள்ள சேலையூரில் ஒரு பாம்புப் பண்ணை ஆரம்பித்தார். இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள் அடுக்குமாடிகளும் பஸ் நெரிசலுமாக இருக்கும் சேலையூர் அன்று ஒரு கிராமம். 1972ல் அந்தப் பண்ணை கிண்டிக்கு இடம் மாறியது. பள்ளிச் சுற்றுலாவில் எல்லாரும் பார்த்த கிண்டி பாம்புப் பண்ணை அதுதான்.

பாம்பு விஷயத்தில் அவருக்கு ஆசான்கள் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள். மண்ணில் பதிந்த தடத்தையும் வளையின் வாயையும் பார்த்தே உள்ளே பாம்பு இருக்கிறதா என்று சொல்லக்கூடியவர்கள். அதுவரை தோல் வியாபாரிகளுக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்துத்தான் பலர் பிழைத்தார்கள். 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தோல் வியாபாரத்துக்குத் தடை வந்தது. அவர்களின் பிழைப்பும் போனது.

பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்து விற்றால் என்ன என்ற யோசனையில் 1978ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் அது இயங்கத் தொடங்கியது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வருகிறார்கள். வாயைத் துணியால் கட்டிய மண்பானைகளில் வைக்கிறார்கள். சுமார் 3 வாரத்தில் நான்கு முறை விஷம் எடுத்து, அடிவயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டு மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அடையாளம் இருந்தால் அதே பாம்பை உடனே மறுபடி பிடிக்க மாட்டார்கள்.

பல ஆண்டுகளாக இந்தியாவில் தயாரான விஷமுறிவு மருந்தின் பெரும்பகுதிக்கு விஷம் இங்கிருந்துதான் போனது. 2023ல் செங்கல்பட்டு மாவட்டம் சென்னேரியைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர்கள் கையின் துல்லியத்துக்குக் கிடைத்த மரியாதை அது. பாம்பின் தலையைப் பிடிக்கும் கை கொஞ்சம் பிசகினாலும் உயிர் போகும். ஆஸ்பத்திரியில் குழாயைப் பிடிக்கும் கைக்கும் அதே துல்லியம் வேண்டும். பிசகினால் போவது வேறு ஒருவர் உயிர் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

40க்கும் 80க்கும் நடுவே

இதை மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம். இலங்கையில் கண்ணாடி விரியன் கடித்தவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2013ல் வெளியானது. அன்றாட வேலையோடு வேலையாக ஆஸ்பத்திரியில் இந்த 20 நிமிட டெஸ்ட் எப்படி நடக்கிறது என்று பார்த்தார்கள். உண்மையிலேயே ரத்தம் உறையும் சக்தியை இழந்தவர்களில் நூற்றுக்கு சுமார் 40 பேரைத்தான் அது கண்டுபிடித்தது. மற்றவர்களுக்கு 'உறைந்துவிட்டது' என்று தவறாக வந்தது. விளைவு, அவர்களுக்கு விஷமுறிவு மருந்து தாமதமாகத்தான் கிடைத்தது.

சரி, டெஸ்ட்டே மோசம் என்று தூக்கிப் போட்டுவிடலாமா? 2017ல் அதே இலங்கையிலிருந்து இன்னோர் ஆய்வு வந்தது. இந்த முறை குழாயின் அளவு, ரத்தத்தின் அளவு, நேரம் மூன்றையும் கறாராக ஒரே மாதிரி வைத்து, பயிற்சி பெற்றவர்கள் செய்தார்கள். இப்போது நூற்றுக்கு 80 பேருக்கு மேல் கண்டுபிடிக்க முடிந்தது. அதே பாம்பு, அதே தீவு, அதே டெஸ்ட். கையும் குழாயும் முறையும்தான் வேறு. அப்படியும் மீதிப் பேர் தப்பிவிடுகிறார்கள் என்பதால், டாக்டர்கள் இதை மட்டும் நம்பாமல் வீக்கம், ரத்தக்கசிவு போன்ற அறிகுறிகளையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

எங்கெங்கே தவறலாம் என்று பட்டியல் போட்டால் இப்படி வரும்:

1. குழாய் கண்ணாடியாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் என்றால் 12ஆம் காரணி சரியாக விழிக்காது. நல்ல ரத்தம்கூட உறையாமல் நிற்கும். விஷமே ஏறாதவருக்குத் தேவையில்லாமல் மருந்து ஏற்றுவார்கள். குதிரைப் புரதம் சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையை உண்டாக்கும்.

2. குழாய் புதிதாக, சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும். சோப்புத் தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியும் பிளாஸ்டிக் மாதிரிதான் நடந்துகொள்ளும். ஃப்ராயிண்ட் தடவிய எண்ணெய்ப் பசையை நினைத்துக்கொள்ளுங்கள்.

3. ஊசியால் எடுத்த ரத்தத்தை உடனே குழாயில் விட வேண்டும். உறையாமல் தடுக்கும் மருந்து எதுவும் குழாயில் இருக்கக் கூடாது.

4. 20 நிமிடம் யாரும் தொடக் கூடாது. நடுநடுவே ஆட்டிப் பார்ப்பது, 10 நிமிடத்தில் பொறுமை இழப்பது, வேறு நோயாளியைப் பார்க்கப் போய் 40 நிமிடம் கழித்து வருவது எல்லாமே விடையைக் கெடுக்கும்.

குழாய் மேல் சந்தேகம் வந்தால் என்ன செய்வது? உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி ஓர் எளிய வழி சொல்கிறது. ஆரோக்கியமாக இருக்கும் இன்னொருவரின், அதாவது கூட வந்த உறவினரின் ரத்தத்தையும் அதே மாதிரிக் குழாயில் விட்டுப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதுவும் உறையவில்லை என்றால் தப்பு குழாயில். கூட வந்த மச்சானின் ரத்தமே சாட்சி சொல்லும்!

இன்னொரு விஷயம். நல்ல பாம்பு, கட்டு விரியன் விஷம் முக்கியமாக நரம்பைத் தாக்கும். அவை கடித்தவருக்கு ரத்தம் ஒழுங்காக உறையும். ஆகவே ரத்தம் உறைந்துவிட்டது என்பதற்காக 'விஷமில்லாத பாம்பு' என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

நீல மூடி

பாம்புக்கடி இல்லாத நமக்கும் ஒரு நாள் இதே பிரச்னை வேறு உருவத்தில் வரும். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் என்று எங்கே பார்த்தாலும் ரத்தம் சேகரிக்கும் மையங்கள் இருக்கின்றன. பலவற்றில் எடுப்பது மட்டும்தான் அங்கே. டெஸ்ட் நடப்பது நகருக்குள் இருக்கும் பெரிய லேபில். ரத்தம் அதுவரை உறையாமல் பயணம் செய்தாக வேண்டும்.

இதற்கு வழி திறந்தது 1890ல் நடந்த ஒரு கண்டுபிடிப்பு. ரத்தம் உறைய கால்சியம் தேவை என்று பிரான்சில் ஆர்த்துஸும் பாஜேயும் காட்டினார்கள். கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டால் ரத்தம் காத்திருக்கும். சிட்ரேட் உப்பு அதைத்தான் செய்கிறது. 1914, 1915ல் ஹுஸ்டின், அகோட்டே, லூயிசன் ஆகியோர் சிட்ரேட்டைக் கொண்டு ரத்ததானத்தையே மாற்றிக் காட்டினார்கள். 1935ல் ஆர்மண்ட் க்விக், கால்சியத்தைப் பிடித்து வைத்த ரத்தத்தின் பிளாஸ்மாவில் மறுபடி கால்சியம் சேர்த்து உறையும் நேரத்தை அளக்கும் புரோத்ராம்பின் டெஸ்ட்டைக் கொண்டுவந்தார். 1949ல் ஜோசப் க்ளைனர் வெற்றிடக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். உள்ளே இருக்கும் வெற்றிடமே சரியான அளவு ரத்தத்தை இழுத்துக்கொள்ளும்.

இன்று உறைவு டெஸ்ட்டுக்கு எடுப்பது வெளிர்நீல மூடிக் குழாய். உள்ளே 3.2 சதவீத சிட்ரேட். 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட் என்பது கணக்கு. நரம்பு கிடைக்கவில்லை என்று பாதிக் குழாயோடு நிறுத்தினால் என்ன ஆகும்? சிட்ரேட் அதிகமாகி, லேபில் சேர்க்கும் கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். உறையும் நேரம் பொய்யாக நீளும்.

இதய வால்வு மாற்றிக்கொண்டு வார்ஃபரினோ அசிட்ரோமோ சாப்பிடும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். ரிப்போர்ட்டில் எண் பொய்யாகக் கூடினால் டாக்டர் மாத்திரையைக் குறைப்பார். உண்மையில் ரத்தம் ஏற்கெனவே சரியான அளவில்தான் இருந்திருக்கும். மாத்திரை குறைந்ததும் வால்வில் கட்டி சேரலாம். ரத்தம் எடுத்தவருக்கு ஒரு அரைக் குழாய். நோயாளிக்கு அது பக்கவாதம்.

கையில் கட்டும் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. எடுத்ததும் குழாயைக் குலுக்காமல் மூன்று, நான்கு முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். ஊதா மூடிக் குழாய்க்கு முன்பே நீல மூடியை நிரப்ப வேண்டும், அதன் மருந்து இதில் கலந்துவிடக் கூடாது. கெடாமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் ஃப்ரிட்ஜில் வைப்பதும் தப்பு. குளிரில் 7ஆம் காரணி தானாகக் கிளம்பிவிடும், 8ஆம் காரணி குறையும். ஏ.பி.டி.டி. என்ற டெஸ்ட்டுக்கு 4 மணி நேரம்தான் கெடு. மே மாத வெயிலில் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் டூவீலர் பெட்டிக்குள் காத்திருக்கும் குழாய்க்கு அந்தக் கெடு நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது.

லேப்களின் தரத்தைப் பார்க்க ஏற்பாடுகள் உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை நாடு முழுவதும் உள்ள லேப்களுக்கு மாதிரிகள் அனுப்பி, விடை சரியாக வருகிறதா என்று மதிப்பிடும் திட்டத்தை நடத்துகிறது. ஆனால் இப்படிப்பட்ட திட்டங்களில் அனுப்பப்படுவது உலர்த்திப் பொடியாக்கிய பிளாஸ்மா. மெஷினையும் அதை இயக்குபவரையும் அது சோதிக்கும். ஊசி குத்தியவரையும் பெட்டியைச் சுமந்தவரையும் அது சோதிக்காது. அந்தப் பகுதி அவரவர் மனசாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது.

விரியன் மறுபடி வருகிறது

கண்ணாடி விரியன் இங்கேயும் நம்மை விடவில்லை. 1986ல் தியாகராஜன், பெங்கோ, ஷபிரோ என்ற மூவர், நீர்த்த கண்ணாடி விரியன் விஷத்தையே வைத்து ஒரு டெஸ்ட்டை உருவாக்கினார்கள். அடிக்கடி கருக்கலைவுக்கும், இளம் வயதிலேயே ரத்தக்கட்டிக்கும் காரணமாகும் ஒரு வகை எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று அது காட்டும். உலகெங்கும் பெரிய லேப்களில் இன்றும் செய்கிறார்கள். இந்த டெஸ்ட்டுக்கு ரத்தத்தைச் சுழற்றிப் பிளாஸ்மாவில் தட்டணுக்களே இல்லாத அளவுக்குச் சுத்தமாக்க வேண்டும். அதற்காக இரண்டு முறை சுழற்றுவார்கள். அங்கேயும் கை பிசகினால் விடை பொய்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்கு சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்பது 2020ல் வெளியான மதிப்பீடு. பெரும்பாலும் கிராமத்து ஏழைகள். 2024 மார்ச்சில் மத்திய அரசு, 2030க்குள் இந்த மரணங்களைப் பாதியாகக் குறைக்கும் தேசியச் செயல்திட்டத்தை அறிவித்தது. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை, ஆஸ்பத்திரிகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்தது. நல்ல ஆரம்பம். ஆனால் எண்ணிக்கை சரியாக வர வேண்டும் என்றால், மருந்து நேரத்துக்கு ஏற வேண்டும் என்றால், ஒவ்வொரு அவசரப் பிரிவிலும் சில ரூபாய் விலையுள்ள புதிய கண்ணாடிக் குழாய்கள் ஒரு பெட்டி இருந்தாக வேண்டும். எல்லாமே பிளாஸ்டிக்காகிவிட்ட காலத்தில் அது தானாக இருக்காது. கேட்டு வாங்கி வைத்தால்தான் இருக்கும்.

படிக்கும் நண்பர்கள் நினைவில் வைக்க வேண்டியவை கொஞ்சம்தான். யாரையாவது பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அங்கே மேஜை மேல் ஒரு கண்ணாடிக் குழாயில் ரத்தம் நிற்பதைப் பார்த்தால், என்ன ஆயிற்று என்று எடுத்து ஆட்டிப் பார்க்காதீர்கள். எத்தனை மணிக்கு வைத்தார்கள் என்று நர்ஸிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், 20 நிமிடம் ஆனதும் நினைவுபடுத்துங்கள். உங்களுக்கே என்றாவது நீல மூடிக் குழாயில் ரத்தம் எடுத்தால், குழாய் கோடு வரை நிரம்பியதா என்று ஒரு பார்வை பாருங்கள். நிரம்பவில்லை என்றால் இன்னொரு முறை குத்தச் சொல்லிக் கையை நீட்டுங்கள். வலிக்கும்தான். தப்பான ரிப்போர்ட் அதைவிட வலிக்கும்.